டூஷேன் தசைச்சிதைவு உள்ள மகனுக்காகப் பழைய ஓட்டு வீட்டை எப்படி மாற்றி அமைப்பது?

காவிரிக்கரையான் கேட்கிறார்:

வணக்கம். கும்பகோணத்திற்கு அருகே ஒரு கிராமத்தில், என் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் வசித்து வருகிறோம். எங்கள் மகனுக்கு 10 வயது. அடிக்கடி விழுகிறான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுகிறான் என்று மருத்துவரிடம் காட்டப்போய், 6 வயதில் மரபணுப் பரிசோதனையின் மூலம், தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டூஷேன் தசைச்சிதைவு நோய் என்று உறுதியாயிற்று. அன்று முதல் டெஃப்ளாசகார்ட் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தவறாமல் கொடுத்து வருகிறோம். சமதரையில் இப்போதும் நடக்கிறான். ஆனால் கடந்த ஆறு மாதங்களாகப் படியேற இயலவில்லை. தரையில் உட்கார்ந்தால் யாரேனும் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து, வாசலுக்கு முன்னுள்ள நடையான ஆளோடிக்கு ஏற, 7 அங்குல உயரத்தில் மூன்று படிகள். ஆளோடியின் இருபுறமும் திண்ணை. பிறகு வாசல் நிலை. அதன் அடிக்கட்டை தரையைவிட 4 அங்குலம் உயரம். அதைத் தாண்டினால் 14 அடி நீள ரேழி (உள்ளே செல்லும் நடைவழி), கூடம், முற்றம், தாழ்வாரம். கழிப்பறையும் குளியலறையும் கொல்லையில், கூடத்திலிருந்து சுமார் 40 அடி தள்ளி இருக்கின்றன. குத்துக்காலிட்டு அமரும் கழிப்பறைதான். மகனை என் மனைவிதான் தூக்கி அமர்த்துகிறார். அவன் இப்போது 34 கிலோ. அவருக்கு இடுப்புவலி தொடங்கிவிட்டது.

சீட்டு எடுத்த பணம் 3.5 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. எந்த வேலையை முதலில் செய்வது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து நிலவுகிறது. வாசலில் சாய்தளம் போடவேண்டும் என்பது என் எண்ணம். நிலையின் அடிக்கட்டையை அறுத்துவிடலாம் என்றார் தச்சர்; வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படியை அறுப்பதா என்று என் தாயார் இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னும் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இப்போதே சக்கர நாற்காலிக்கு வீடு கட்டுவது அவன் மனத்தை உடைத்துவிடாதா என்று மனைவி அஞ்சுகிறார். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள், நீங்கள் செய்த தவறுகளையும் சேர்த்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சேலத்து அம்மா பதில் எழுதுகிறார்:

தம்பி, என் மகனுக்கு இப்போது 19 வயது, அதே நோய்தான். 12 வயதில் நடை நின்றது. தவறுகளைக் கேட்டீர்கள், என்னிடம் நிறையவே இருக்கின்றன.

முதல் தவறு, நாங்கள் எப்போதும் அன்றைய தேவைக்கு மட்டுமே வீட்டை மாற்றியது. நடக்கத் தடுமாறியபோது சுவர்களில் கைப்பிடிக் கம்பி பொருத்தினோம்; அவை பொருத்தி முடிந்த எட்டாவது மாதத்தில் அவனால் கம்பியைப் பற்றவே இயலவில்லை. கொல்லைக் கழிப்பறையில் மேற்கத்தியப் பீங்கான் வைத்தோம். ஆனால் கதவு 2 அடி அகலம் என்பதால், சக்கர நாற்காலி வந்தபோது அது வாசலிலேயே நின்றுவிட்டது. இடித்து மறுபடி கட்ட, முதலில் செலவழித்ததைப் போல் இரண்டு மடங்கு ஆயிற்று. இந்த நோயில் உடல் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதால், கொத்தனார் கரண்டியைத் தொடும்போது இன்றைய மகனை மட்டுமன்றி, நான்கைந்து ஆண்டுகள் கழித்து இருக்கப்போகும் மகனையும் கணக்கில் வைத்தாக வேண்டும். கைப்பிடிக் கம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஆயிரம் இரண்டாயிரத்திற்கு மேல் செலவிடாதீர்கள் என்கிறேன்.

ஆகவே என் கருத்து, சாய்தளத்திற்கு முன் கழிப்பறை. வெளியே செல்வது நாளுக்கு ஒருமுறை. கழிப்பறைக்குச் செல்வது ஐந்தாறு முறை. படுக்கையறையை ஒட்டித் தாழ்வாரத்தின் ஒரு பகுதியை எடுத்து, கழிப்பறையும் குளியலறையும் சேர்ந்த ஒரே அறையாகக் கட்டிவிடுங்கள். 7 அடிக்கு 7 அடியாவது வேண்டும். வாசலில் தண்ணீர் தடுக்கக் கட்டை எழுப்பாமல், தரையைச் சற்றே சரித்து, வாசல் நெடுக ஒரு கம்பிமூடி வடிகால் வைத்துவிட்டால் தண்ணீர் வெளியே வராது. சக்கரம் வைத்த கமோடு நாற்காலி என்று ஒன்று கிடைக்கும்; நடுவில் ஓட்டை இருக்கும். கட்டிலிலிருந்து அதற்கு மாற்றி, அப்படியே தள்ளிச் சென்று பீங்கானுக்கு மேலாக நிறுத்திவிடலாம். முடிந்ததும் அதே நாற்காலியில் வைத்துக் குளிப்பாட்டலாம். இரண்டு முறை தூக்குவது மிச்சம். ஆனால் நாற்காலியின் அடிச்சட்டத்தை அளந்த பிறகே பீங்கானை வாங்குங்கள். நாங்கள் உயரமான பீங்கானை முதலில் வாங்கிவிட்டதால் நாற்காலி அதற்கு மேலாகச் செல்லவில்லை.

இன்னொன்று, வீடு கட்டுவதில் சேராதது. பள்ளியில் கழிப்பறை வசதி இல்லாததால் என் மகன் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் மகனிடம் இதை இன்றே விசாரியுங்கள். மூடியுள்ள சிறுநீர்க் குடுவை ஒன்றைப் பையில் வைத்து, மறைவாகப் பயன்படுத்த ஓர் இடத்தையும் உதவிக்கு ஒருவரையும் பள்ளியில் பேசி வைத்துவிடுங்கள். வகுப்பு மாடிக்குப் போகும் ஆண்டில், அந்தப் பிரிவையே தரைத்தளத்திற்கு மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. எனவே இது சலுகை கேட்பது ஆகாது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தசைச்சிதைவு நோயாளிகளுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்க்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாமல் எதுவும் நகராது. மின்கலத்தில் இயங்கும் சக்கர நாற்காலியும் அங்கு வழங்குகிறார்கள். முறை வரக் காலம் பிடிக்கும் என்பதால் தேவைப்படும் முன்பே மனு கொடுத்துவிடுவது நல்லது.

இயன்முறை பதில் எழுதுகிறார்:

நான் தசைநோயுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் இயன்முறை மருத்துவர். சேலத்து அம்மா சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன். அளவுகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சாய்தளத்தில் ஓர் அங்குல உயரத்திற்கு 12 அங்குல நீளம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் தெருவாசலின் மூன்று படிகள் 21 அங்குலம். எனவே 21 அடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும். அது தெருவின் பாதியை அடைத்துவிடும். இடமில்லை என்று 8 அடியில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அதில் இறங்கும்போது பின்னால் பிடிப்பவரின் கை நழுவினால் நாற்காலி நேரே தெருவில்தான் போய் நிற்கும். கொல்லைப்புறத் தரை வீட்டின் தரையைவிட எவ்வளவு தாழ்வு என்று அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் அங்கு உயர வேறுபாடு குறைவாக இருக்கும். 8 அங்குலம் என்றால் 8 அடியில் வேலை முடிந்துவிடும்.

நிலையின் அடிக்கட்டைக்கு வேறு வழி இருக்கிறது. கட்டையை அறுப்பதற்குப் பதிலாக, ரேழியின் தரையைக் கட்டையின் மேல்மட்டம் வரை உயர்த்தி, கூடத்தை நோக்கி மெல்லச் சரித்துவிடலாம். 4 அங்குல உயரம் 14 அடி நீளத்தில் பரவும்போது அந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆளோடித் தரையையும் அதே மட்டத்திற்கு உயர்த்திவிட்டால், உங்கள் தாயாரின் படி இருந்த இடத்திலேயே இருக்கும். சக்கரம் அதன் மேல் உருண்டு செல்லும். கதவின் அடிப்பகுதியை மட்டும் தரையில் உரசாதபடி சீவ வேண்டும். ஆனால் ஆளோடி உயர்ந்தால் தெருப்படிகளின் மொத்த உயரம் 25 அங்குலமாகிவிடும். மேல்படியை மட்டும் உயரமாக விட்டுவிடாமல் நான்கு படிகளாகத் திருத்திக் கட்டுங்கள், இல்லையெனில் அதில் முதலில் தடுக்கி விழுபவர் உங்கள் தாயாராகத்தான் இருப்பார். ஆளோடியின் விளிம்பில் கம்பிக் கிராதியும் அவசியம்.

வாசல்கள் 3 அடி அகலம் இருக்க வேண்டும். நாற்காலி முழுவதுமாகத் திரும்ப 5 அடி விட்டமுள்ள இடம் தேவை. கட்டிலின் உயரமும் நாற்காலி இருக்கையின் உயரமும் ஒன்றாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே வழவழப்பான பலகையை வைத்து நகர்த்திவிடலாம். கீழே அறைகள் வைத்த பெட்டிக் கட்டிலை வாங்காதீர்கள். பிற்காலத்தில் ஆளைத் தூக்கும் சக்கரத்தூக்கி வாங்கும்போது அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். குறைந்தது 5 அங்குல இடைவெளி வையுங்கள். ஓட்டு வீட்டின் உத்தரத்தில் கொக்கி மாட்டித் தூக்கியைத் தொங்கவிடும் யோசனையை யாராவது சொன்னால், பொறியாளர் ஒருவர் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் மனைவிக்கு. பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. இந்த நோயில் தோள்பட்டைத் தசைகள் தளர்ந்திருப்பதால் கை மேலே நழுவி, உடல் கீழே வழுக்கிவிடும். பின்னாலிருந்து, அவன் கைகளை மார்பின் குறுக்கே கட்டவைத்து, முன்னங்கைகளைப் பற்றி ஒருவரும், முழங்காலுக்கு அடியில் கைகொடுத்து மற்றொருவருமாகத் தூக்க வேண்டும். இன்னும் நல்லது, தூக்க வேண்டிய தேவையையே குறைப்பது. தரையில் அமர்ந்து சாப்பிடுவதையும் பாயில் படுப்பதையும் இன்றே நிறுத்தி, சற்று உயரமான நாற்காலிக்கும் கட்டிலுக்கும் மாறினாலே நாளுக்குப் பத்துமுறை தூக்குவது குறையும்.

விழாமல் காப்பது நடை நீடிப்பதற்கும் முக்கியம். ஸ்டீராய்டு எலும்பைப் பலவீனப்படுத்துகிறது. தொடை எலும்பு முறிந்து சில வாரங்கள் படுத்துவிட்டால், மீண்டும் நடப்பது பல பிள்ளைகளுக்கு இயலாமல் போகிறது. நாற்காலியில் அமரும்போது இடுப்புப்பட்டை அணிவிப்பதை வழக்கமாக்குங்கள். எலும்பு முறிந்த ஓரிரு நாட்களுக்குள் திடீர் மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ ஏற்பட்டால், எலும்பின் கொழுப்பு நுரையீரலை அடைத்திருக்கக்கூடும். அது உடனடி மருத்துவமனைத் தேவை. உடற்பயிற்சியில், தசையைக் களைப்படையச் செய்யும் பளுப் பயிற்சிகளும் மீண்டும் மீண்டும் படியிறங்குவதும் தீங்கானவை. குதிகால் நாணை நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். இரவில் கணுக்காலை நேராக வைக்கும் பிளாஸ்டிக் தாங்கியை அணிவியுங்கள்.

அவசரச் செய்திகள் எழுதிய அட்டை ஒன்று பிள்ளையின் பையில் எப்போதும் இருக்கட்டும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது, வாந்தியால் மாத்திரை தங்காவிட்டாலும் மருத்துவமனை செல்ல வேண்டும் என்பது ஒன்று. மயக்க மருந்து தேவைப்பட்டால், தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைக் கொடுக்கக் கூடாது, முகர்ந்து மயங்கச் செய்யும் வாயுக்களையும் தவிர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. மூச்சுத்தசை தளர்ந்த பிறகு, கரியமில வாயுவின் அளவைப் பார்க்காமல் ஆக்சிஜன் மட்டும் கொடுப்பது ஆபத்து என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். இதய எக்கோ ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுக்க வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள்.

நாற்சக்கரன் பதில் எழுதுகிறார்:

எனக்கு 36 வயது. டூஷேனின் மெதுவான உறவினரான பெக்கர் தசைச்சிதைவு எனக்கு. 29 வயது முதல் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மேலே இருவரும் தூக்குபவரின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள்; தூக்கப்படுபவரின் பக்கத்திலிருந்து நான் சிலவற்றைச் சொல்கிறேன்.

கொல்லையில் சாய்தளம் என்பது கணக்கில் சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், பையன் பத்து ஆண்டுகள் மாட்டுக்கொட்டிலைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்வருவான். எங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கிய அறை பின்கட்டில் இருந்தது. வந்தவர்கள் கூடத்தில் அமர்ந்து காப்பி குடித்துவிட்டு, நான் தூங்குவதாக எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். இயன்முறை மருத்துவர் சொன்னபடி ரேழியையும் ஆளோடியையும் மட்டப்படுத்துங்கள். தெருவில் இறங்க முடியாவிட்டாலும் திண்ணை ஓரத்தில் வந்து நிற்க முடியும். தெருப் பையன்கள் திண்ணையில் அமர்ந்தால் அவர்களும் இவனும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பார்கள். நின்றுகொண்டு பேசுபவர்களை அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்துவலி வந்திருக்கிறது.

மின்விசிறி, விளக்குச் சுவிட்சுகளைத் தரையிலிருந்து 3 அடி உயரத்திற்கு இறக்குங்கள். செலவு சில நூறு ரூபாய். ஆனால் விளக்கை அணைக்க அம்மாவைக் கூப்பிடாமல் இருப்பதன் மதிப்பைக் கைகால் நன்றாக இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். கட்டிலருகே கம்பியில்லா அழைப்புமணி ஒன்று வையுங்கள். பிற்காலத்தில் புரண்டு படுக்க இயலாத நிலை வரும்போது இரவில் மூன்று நான்கு முறை திருப்பிவிட வேண்டியிருக்கும். இருமித் தொண்டையைக் கனைத்து ஆளை எழுப்புவதைவிட மணி அடிப்பது இரு தரப்புக்கும் மரியாதை. காலையில் தலைவலி, பகலில் தூக்கம், இரவில் கெட்ட கனவு என்று சொல்லத் தொடங்கினால், உறக்கத்தில் மூச்சு குறைகிறது என்று பொருள் கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கு ஓராண்டு அதை மனச்சோர்வு என்று எண்ணி மருந்து கொடுத்தார்கள். முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி வந்த முதல் வாரத்திலேயே தலைவலி போயிற்று. அந்தக் கருவி வரப்போகும் அறையில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள ஒரு பிளக்கை இப்போதே போட்டு வைத்துவிடலாம். புயல் நாட்களில் உங்கள் பக்கம் மின்சாரம் எத்தனை நாள் நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சக்கர நாற்காலிக்கு இப்போதே ஏற்பாடு செய்தால் பிள்ளையின் மனம் உடைந்துவிடும் என்று உங்கள் மனைவி அஞ்சுகிறார். என் அனுபவம் வேறு. நடந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் என் கவனம் முழுவதும் அடுத்த அடியில்தான் இருந்தது. யார் இடிப்பார்கள், எங்கே ஈரம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. நாற்காலியில் அமர்ந்த பிறகுதான் கோயில் திருவிழாவில் தேரை நிமிர்ந்து பார்த்தேன். நடக்க முடிகிற காலத்திலேயே, தொலைவான இடங்களுக்கு மட்டும் நாற்காலியைப் பயன்படுத்தத் தொடங்கினால், அது தண்டனையாகத் தோன்றாது. வீட்டை மாற்றுவது பற்றி அவனிடம் கேட்டீர்களா என்பதுதான் உங்கள் கேள்வியில் நான் தேடியும் கிடைக்காத வரி. 10 வயதுப் பையனுக்குத் தன் உடலில் நடப்பது தெரியாமல் இருக்காது.

காவிரிக்கரையான் மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. நேற்று கொத்தனாரை அழைத்து அளந்தோம். கொல்லைத் தரை 9 அங்குலம் தாழ்வு. 9 அடி சாய்தளத்திற்கு இடம் தாராளமாக இருக்கிறது. ரேழியை உயர்த்தும் யோசனையைத் தாயாரிடம் சொன்னபோது, ‘இதைத் தச்சன் முதல்நாளே சொல்லியிருக்கலாமே’ என்றார். திண்ணையின் உயரம் 4 அங்குலம் குறைவதில் மட்டும் அவருக்கு வருத்தம், முழங்கால் வலிக்காரர். முதலில் தாழ்வாரத்தில் கழிப்பறை, அடுத்து ரேழி, ஆளோடி, படிகள், கடைசியாகக் கொல்லைச் சாய்தளம் என்று முடிவு செய்திருக்கிறோம். உதவித்தொகைக்கான மனுவைத் திங்களன்று கொடுக்கிறேன். பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். சேலத்து அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அவனிடம் வீட்டுப் படத்தைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து காட்டிக் கேட்டோம். சக்கர நாற்காலி என்ற சொல்லை அவனே முதலில் சொன்னான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: புதிய கழிப்பறையின் கதவை உள்ளிருந்து தானே தாழிட்டுக்கொள்ள வேண்டுமாம். உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மனைவி மறுக்கிறார். இதற்கு ஏதேனும் வழி உண்டா?

இயன்முறை பதில் எழுதுகிறார்:

உண்டு. பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளும் கதவாகப் போடுங்கள். உள்ளே யாராவது விழுந்து கிடந்தாலும் அது திறக்கும், உள்நோக்கித் திறக்கும் கதவு திறக்காது. தாழ்ப்பாளில், உள்ளே குமிழைத் திருப்பினால் பூட்டி, வெளியே உள்ள பள்ளத்தில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கும் வகை வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது. தள்ளுகதவுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். குமிழ் பெரியதாகவும், அவன் அமர்ந்த நிலையில் முழங்கையை மடியிலிருந்து அதிகம் உயர்த்தாமல் எட்டும் உயரத்திலும் இருக்கட்டும். அவனை ஒரு நாற்காலியில் அமர்த்திக் கையை நீட்டச் சொல்லி, சுவரில் அவனையே கோடு போடச் சொல்லுங்கள்.